ரீயூனியன் பெயர்களில் கோடு போட்ட பெரிய ‘ஈ’ ஏன் சிதைகிறது?

கேள்வி: பிரான்சின் ரீயூனியன் தீவில் சென் அந்த்ரே ஊரிலுள்ள எங்கள் கோயிலுக்கு நன்கொடை தருவோரின் பட்டியலைக் கணினியில் வைத்திருக்கிறோம். ரசீதில் குடும்பப் பெயரை ரோமன் பெரிய எழுத்தில் (கேப்பிட்டலில்) அச்சிட வேண்டும். ‘பூலே’ என்று முடியும் பெயர்களில் கடைசி எழுத்து கெட்டுப்போகிறது. சிலருக்கு அந்த இடத்தில் அலைக்குறி போட்ட பெரிய ஏயும், சதவீதக் குறி போன்ற ஒரு குறியும் வருகின்றன. சிலருக்குக் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறது. இன்னும் சிலருக்குப் பெயர் முழுதும் பெரிய எழுத்தாக இருக்க, கடைசி எழுத்து மட்டும் சிறியதாகவே நிற்கிறது. எந்த எழுத்துருவை நிறுவினால் சரியாகும்?

பதில்: ஐயா, வணக்கம். எழுத்துருவை மாற்றிப் பயன் இல்லை. எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையென்றால் வெற்றுக் கட்டம்தான் தெரியும். நீங்கள் சொல்லும் மூன்றும் வேறு வேறு கோளாறுகள். மூன்றுக்கும் மருந்து வேறு. தயவுசெய்து ரசீதுகளில் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தத் தொடங்கிவிடாதீர்கள். எந்த மாதிரிச் சிதைவு என்று பார்த்தாலே, பெயர் எந்த இடத்தில் உடைந்தது என்பது தெரிந்துவிடும். திருத்த வேண்டியது அந்த இடத்தை.

முதலில் எழுத்தைப் பற்றி. வலப்பக்கம் சாய்ந்து ஏறும் சிறு கோட்டைத் தலையில் தாங்கிய ரோமன் பெரிய ஈ அது. கோட்டை இங்கே எல்லாரும் ‘அக்ஸான்’ என்கிறோம். கணினிக்கு இது ‘ஈயும் அதன்மேல் ஒரு அலங்காரமும்’ அன்று. தனக்கென எண் கொண்ட தனி எழுத்து. சாதாரணப் பெரிய ஈயின் எண் 69. அக்ஸான் போட்ட பெரிய ஈயின் எண் 201. அதன் சிறிய வடிவத்தின் எண் 233. பெரியதற்கும் சிறியதற்கும் இடையே 32 வித்தியாசம். 65ஆம் எண்ணுடைய பெரிய ஏக்கும் 97ஆம் எண்ணுடைய சிறிய ஏக்கும் இருக்கும் அதே வித்தியாசம். 200 என்பது கோடு இடப்பக்கம் சாய்ந்த ஈ, 202 என்பது கூரை போட்ட ஈ. ஓர் எண் தவறினால் பெயர் வேறாகிவிடும்.

பெயர் வேறாகிவிடும் என்பதை அழுத்தியே சொல்கிறேன். 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கூலி ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதினார்கள். 1882இல் பிரிட்டிஷ் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அது நடந்தது. ‘பிள்ளை’ என்பது அவர்கள் எழுத்தில் ‘பூலே’ ஆயிற்று. புதுச்சேரியிலும் அதே வழக்கம்தான். அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளையும் பிரெஞ்சு ஏடுகளில் ‘ரங்கபூலே’தான். பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் வெறும் ஈ வந்தால் அதற்கு ஒலி இல்லை. அக்ஸானை எடுத்துவிட்டால் விராப்பூலே என்ற பெயரைப் படிப்பவர் ‘விராப்பூல்’ என்றுதான் படிப்பார். ஏற்கெனவே ஒரு முறை உருமாறிய பிள்ளையின் கடைசி ஒலியும் அதோடு போய்விடும். இது ஒரு கோடுதானே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

‘பெரிய எழுத்துக்கு அக்ஸான் வேண்டாம்’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களே என்று உங்கள் குழுவில் ஒருவராவது கேட்பார். அது இலக்கண விதி அன்று, தட்டச்சு இயந்திரத்தின் இயலாமை. பிரெஞ்சுத் தட்டச்சு இயந்திரத்தில் எண் வரிசையில் 2 இருக்கும் விசையைச் சும்மா தட்டினால் அக்ஸான் போட்ட சிறிய ஈ விழும். மேல்விசையோடு (ஷிஃப்ட்) தட்டினால் 2 விழும். பெரிய ஈக்கு அந்த விசையில் இடமே இல்லை. அதே அமைப்பு அப்படியே கணினி விசைப்பலகைக்கும் வந்தது. பிரெஞ்சு அகாதெமியின் நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது: பெரிய எழுத்தானாலும் அக்ஸானுக்கு முழு எழுத்து மதிப்பு உண்டு, விட்டால் வாசிப்பு குழம்பும். பத்திரிகைத் தலைப்பில் ‘போலீஸ்காரர் கொல்கிறார்’ என்பதற்கும் ‘போலீஸ்காரர் கொல்லப்பட்டார்’ என்பதற்கும் பெரிய எழுத்துப் பிரெஞ்சில் அந்த ஒரு கோடுதான் வித்தியாசம். பிரான்சின் குடிமைப் பதிவு பற்றிய 2014 ஜூலை 23 சுற்றறிக்கையும் இந்தக் குறிகளைப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் இடலாம் என்றே சொல்கிறது.

விசைப்பலகையைப் போலவே பழைய குறியீட்டு முறையும் இந்த எழுத்தைக் கைவிட்டிருந்தது. எழுத்துக்கு எழுத்து எண் தரும் முறையாக 1963இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கியில் மொத்தம் 128 இடங்கள். பிரான்சு தன் பங்குக்கு அதில் சில குறிகளை எடுத்துவிட்டுத் தன் எழுத்துகளை நுழைத்தது. திறக்கும் நெளிவடைப்பின் இடத்தில் அக்ஸான் போட்ட சிறிய ஈ, மூடும் நெளிவடைப்பின் இடத்தில் இடக்கோட்டுச் சிறிய ஈ என்று சிறிய எழுத்துகளுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. பெரிய எழுத்துகளுக்கு மிச்சம் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாப் பெயர்களையும் பெரிய எழுத்தில் பதிந்துவைத்த பட்டியல்களில் ‘பூலே’க்கள் எல்லாரும் ‘பூல்’ ஆனது இப்படித்தான். எந்த எழுத்தரையும் இதற்குக் குறை சொல்ல முடியாது.

ஓர் எழுத்துக்கு எட்டு பிட், அதாவது ஒரு முழு பைட், என்று வந்ததும் இடம் 256 ஆயிற்று, குழப்பமும் பெருகிற்று. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினியில் நம் எழுத்தின் எண் 144. மக்கின்டாஷில் 131. 1987இல் வந்த ஐஎஸ்ஓ 8859-1 என்ற தரத்தில் 201. விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறியீடான 1252உம் அதே 201ஐ எடுத்துக்கொண்டது. கோப்பில் எழுத்து இருப்பதில்லை, எண்தான் இருக்கிறது. எழுதியவர் ஒரு எண் பட்டியலை வைத்து எழுதி, படிப்பவர் வேறொரு எண் பட்டியலை வைத்துப் படித்தால் அந்த எண் வேறு உருவமாகத் தெரியும். 201ஐ டாஸ் பட்டியலில் பார்த்தால் அட்டவணை வரையும் இரட்டைக்கோட்டு மூலை. பழைய மக்கின்டாஷ் பட்டியலில் பார்த்தால் மூன்று புள்ளி. பழைய ரசீதுகளில் பெயரின் கடைசியில் ஒரு பெட்டி மூலை நின்றிருந்தால், விண்டோஸில் எழுதியதை டாஸ் நிரல் அச்சிட்டிருக்கிறது என்று பொருள்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எண் பட்டியல் என்ற நோக்கில் 1991இல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தது. முதல் 256 இடங்களை ஐஎஸ்ஓ 8859-1 இருந்த வரிசையிலேயே வைத்துக்கொண்டதால் நம் எழுத்துக்கு அங்கேயும் 201தான். அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட வேண்டுமே என்று தோன்றும். தீரவில்லை. எண்ணை எப்படிக் கோப்பில் எழுதுவது என்பது தனிக் கேள்வி. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் 127 வரையுள்ள எண்கள் ஒரே பைட்டாக அப்படியே எழுதப்படும். அதற்கு மேற்பட்டவை பல பைட்டுகளாகப் பிரியும். கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 201ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 9. ஈவோடு 192ஐக் கூட்டினால் 195. மீதியோடு 128ஐக் கூட்டினால் 137. ஆக நம் எழுத்து கோப்பில் 195, 137 என்று இரண்டு பைட்டுகளாகக் கிடக்கிறது.

இனி உங்கள் முதல் கோளாறைப் பாருங்கள். 1252 பட்டியலில் 195 என்பது அலைக்குறி போட்ட பெரிய ஏ. 137 என்பது ஆயிரத்துப் பங்குக் குறி. சதவீதக் குறியோடு இன்னொரு வட்டம் சேர்ந்தது, நீங்கள் சொன்னது அதைத்தான். ஆக, கோப்பு யூடிஎஃப்-8இல் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. படிக்கும் நிரல் அதை 1252 என்று நினைத்துப் பைட்டுக்கு ஒரு எழுத்தாகக் காட்டிவிட்டது. தரவு கெடவில்லை. தமிழ் மின்னஞ்சல் சில சமயம் இடக்கோட்டுச் சிறிய ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வரும் வரிகளாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே நோய்தான். தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8இல் மூன்று மூன்று பைட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை 224, 174 என்று தொடங்கும். 1252இல் அந்த இரண்டு எண்களும் அந்த இரண்டு உருவங்கள்.

கறுப்பு வைரம் இதற்கு எதிர்த்திசைக் கோளாறு. கோப்பு 1252இல் எழுதப்பட்டு, பெயரின் கடைசியில் 201 என்ற ஒரே பைட் இருக்கிறது. படிக்கும் நிரல் அதை யூடிஎஃப்-8 என்று எண்ணுகிறது. அந்த முறையில் 201 வந்தால் பின்னால் 128 முதல் 191 வரை ஒரு பைட் வந்தே தீர வேண்டும். வரவில்லை. ‘இங்கே எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது’ என்று சொல்ல நிரல் அந்த வைரத்தை வைக்கிறது. திரையில் மட்டும் வைரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் வைரம் தெரியும் நிலையிலேயே யாராவது கோப்பைச் சேமித்துவிட்டால் வைரமே எழுத்தாகப் பதிந்துவிடும். அடியில் இருந்த 201 அழிந்துபோகும். பிறகு எந்த நிரலாலும் மீட்க முடியாது, பழைய நகல் இருந்தால்தான் உண்டு. வைரமின்றி வெறும் கேள்விக்குறி இருந்தால் அழிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. அந்த எழுத்தே இல்லாத ஒரு பட்டியலுக்கு மாற்ற முயன்றபோது அது நடந்திருக்கும்.

ஆகவே நன்கொடையாளர் பட்டியலைத் தொடுமுன் முழுக் கோப்பையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

முதல் கோளாறிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. தவறாகத் தெரியும் அந்த இரண்டு உருவங்களையும் உண்மையான எழுத்துகள் என்று நம்பி நிரல் மறுபடி யூடிஎஃப்-8இல் சேமித்தால் சிதைவு ஒரு அடுக்கு ஏறும். அலைக்குறி ஏக்கு இரண்டு பைட், ஆயிரத்துப் பங்குக் குறிக்கு மூன்று பைட், ஆக ஐந்து. அதைத் திரும்பவும் 1252ஆகப் படித்தால் ஒரே எழுத்தின் இடத்தில் ஐந்து உருவங்கள். அவற்றில் யூரோ குறியும் ஒன்று. இன்னொரு முறை நடந்தால் பதினொன்று. பெயருக்குப் பின்னால் நீண்ட வால் தொங்கினால் எத்தனை முறை தவறாகச் சேமித்திருக்கிறார்கள் என்று அதைக்கொண்டே எண்ணிவிடலாம். நம் எழுத்தைப் பொறுத்தவரை இதை வந்த வழியே அடுக்கடுக்காக உரிக்க முடியும்: 1252ஆகச் சேமித்து யூடிஎஃப்-8ஆகத் திறப்பது ஓர் அடுக்கைக் கழற்றும். இடக்கோட்டுச் சிறிய ஏக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் இரண்டாவது பைட் 160. 1252இல் அது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. ‘வீண் இடைவெளிகளை நீக்கு’ என்று ஏதாவது ஒரு நிரல் அதைத் துடைத்துவிட்டால் திரும்பி வராது.

எக்செலில் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன், கோயில்களிலும் சங்கங்களிலும் பெரும்பாலும் அதுதான். பத்திகளைக் குறியால் பிரித்து வைக்கும் உரைக் கோப்பான சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறப்பதுதான் முதல் கோளாறின் வழக்கமான பிறப்பிடம். கோப்பின் தொடக்கத்தில் ‘இது யூடிஎஃப்-8’ என்று சொல்லும் அடையாளக் குறி இல்லையென்றால் பிரெஞ்சு விண்டோஸில் எக்செல் அதை 1252 என்றே எடுத்துக்கொள்ளும். அப்படித் திறக்காமல் வெற்று ஏட்டைத் திறந்து, தரவுப் பகுதியில் உரைக் கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும் வழியில் போங்கள். குறியாக்கம் கேட்கும் இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். பிரிப்புக் குறியாக அரைப்புள்ளியைக் கொடுங்கள். பிரெஞ்சில் காற்புள்ளி தசமத்துக்குப் போய்விடுவதால் இங்கே எக்செல் அரைப்புள்ளியால்தான் பிரிக்கிறது. முன்னோட்டத்தில் பெயர்கள் சரியாகத் தெரிந்தபின் ஏற்றுங்கள். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் வெறும் ‘சிஎஸ்வி’ 1252இல் எழுதும், அதை ரசீது நிரலுக்குக் கொடுத்தால் வைரம் முளைக்கும்.

உரைத் திருத்தியில் திறப்பவர்கள் இரண்டு கட்டளைகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ‘இந்தக் குறியாக்கமாகப் படி’ என்பது பைட்டுகளைத் தொடாது, பார்வையை மட்டும் மாற்றும். ‘இந்தக் குறியாக்கத்துக்கு மாற்று’ என்பது பைட்டுகளையே மாற்றி எழுதும். சிதைந்து தெரியும் நிலையில் இரண்டாவதை அழுத்தினால் மேலே சொன்ன அடுக்கு ஏறிவிடும். முதலில் படிக்க வையுங்கள், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தபின் மாற்றுங்கள்.

மூன்றாவது கோளாறு, கடைசி எழுத்து மட்டும் சிறியதாகவே நிற்பது. இது குறியாக்கப் பிழை அன்று. ரசீது நிரல் பெயரைப் பெரிய எழுத்தாக மாற்றும் முறையில் உள்ள குறை. ஏ முதல் இசட் வரை 26 எழுத்துகளை மட்டுமே அதற்குத் தெரியும். 233 அதன் பட்டியலில் இல்லை, எனவே தொடாமல் விட்டுவிட்டது. நிரல் எழுதியவரிடம் ‘யூனிகோட் அறிந்த பெரிய எழுத்து மாற்றத்தைப் பயன்படுத்துங்கள்’ என்று சொன்னால் போதும். இன்றைய நிரல்மொழிகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. அவர் அகப்படவில்லையென்றால் எக்செலிலேயே பெரிய எழுத்தாக்கும் சூத்திரத்தால் தனிப் பத்தி ஒன்றை உருவாக்கி அதை ரசீதுக்கு அனுப்புங்கள். சூத்திரம் அக்ஸானைக் காப்பாற்றித்தான் மாற்றும்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அது அநேகமாக இருக்கும். ஒரே குடும்பம் இரண்டு முறை பதிவாகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். காரணம், யூனிகோடில் இந்த எழுத்தை இரண்டு வகையாக எழுதலாம். 201 என்ற ஒற்றை எண் ஒரு வகை. வெறும் ஈயின் 69, அதையடுத்து ஒட்டும் அக்ஸானின் 769 என்று இரண்டு எண்கள் இன்னொரு வகை. தமிழ் தட்டுபவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒற்றை எண்ணாலும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு நீளமே வேறு. யூனிகோட் இவ்விரண்டையும் சமமானவை என்றே கருதச் சொல்கிறது. சேர்த்தெழுதும் வடிவத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவரும் முறைக்கு என்எஃப்சி என்று பெயர். மக்கின்டாஷில் பழைய கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்தெழுதியே வைத்திருந்தது. அங்கிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயர்கள் இப்படி வந்து சேரும். சோதிக்க ஒரு சிறிய வழி: எக்செலில் எழுத்தெண்ணிக்கைச் சூத்திரத்தை இரண்டு பெயர்களுக்கும் போடுங்கள். ஒன்றில் ஓர் எண்ணிக்கை கூடுதலாக வந்தால் அதுதான் பிரித்தெழுதியது. அதை அழித்துவிட்டு நேராகத் தட்டுங்கள்.

நேராகத் தட்டுவது எப்படி? விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0201 தட்டலாம். 144 தட்டினாலும் அதே எழுத்து வரும். முன்னால் சுழியம் இருந்தால் விண்டோஸ் பட்டியல், இல்லாவிட்டால் பழைய டாஸ் பட்டியல். மக்கின்டாஷிலும் லினக்ஸிலும் பெரிய எழுத்துப் பூட்டைப் போட்டுவிட்டு 2 இருக்கும் விசையைத் தட்டினால் போதும். கைபேசியில் ஈ எழுத்தை அழுத்திப் பிடித்தால் வரிசையாக வரும். பிரான்சின் தர நிறுவனம் 2019இல் வெளியிட்ட புதிய விசைப்பலகைத் தரத்தில் இதற்கு எளிய வழி உண்டு. ஆனால் நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் இருப்பது பழையதுதான்.

ஊர்ப் பெயர்களையும் இதே சமயம் சரிபார்த்துவிடுங்கள். சென் அந்த்ரேயைப் பெரிய எழுத்தில் எழுதினால் கடைசி எழுத்து 201. எத்தான் சலேயில் முதலும் கடைசியும் 201. ரீயூனியன் என்ற பெயரிலேயே இரண்டாவது எழுத்து அது. 1793இல் புரட்சி அரசு தீவுக்கு அந்தப் பெயரை வைத்தது. பெயர் பலமுறை மாறி, 1848இல் திரும்ப அதற்கே வந்தது. ரசீதின் தலைப்பில் கோயிலின் முகவரி இருக்கும். பெயர்களைத் திருத்திவிட்டு முகவரியை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, அக்ஸான் இல்லாமல் இருப்பதே சரி என்னும் ஓர் இடம் உண்டு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள். அங்கே ஏ முதல் இசட் வரையிலான பெரிய எழுத்துகள், எண்கள், இடம் நிரப்பும் கோணக்குறி ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. இது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அங்கே 201 வெறும் 69 ஆகிவிடும். விமான டிக்கெட்டிலும் அப்படியே வரும், அது பிழை அன்று. நன்கொடையாளர் யாராவது கடவுச்சீட்டின் அடிவரியைக் காட்டித் தம் பெயரைப் பதியச் சொன்னால், மேலே அச்சிட்டிருக்கும் பெயரையும் பிறப்புப் பதிவின் நகலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டியலில் ஏற்றவேண்டியது அங்கே இருப்பது. தேடும் வசதிக்காக அக்ஸான் இல்லாத வடிவத்தைப் பக்கத்துப் பத்தியில் தனியாக வைத்துக்கொள்ளலாம். ரசீதில் அது அச்சாகக் கூடாது.